உடைந்த பானையில் எட்டு நாள்

மதுரையில் நாங்கள் குடியிருந்த ஆறாவது வாடகை வீட்டை 2003இல் காலி செய்தோம். பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு கடைசியாகத் தொட்டிகள். மொத்தம் இருபத்திரண்டு. பாதி மண்தொட்டி, மீதி பெயின்ட் வாளி, எண்ணெய் டின், பிடி உடைந்த பிளாஸ்டிக் குடம். இருபத்தொன்று ஏறிவிட்டன. கறிவேப்பிலைத் தொட்டி மட்டும் அசையவில்லை. சாய்த்துப் பார்த்தால், தண்ணீர் வடிவதற்காக அம்மா போட்டிருந்த ஓட்டை வழியாக வேர் இறங்கிக் கொல்லை மண்ணுக்குள் போயிருந்தது. வீட்டுக்காரம்மா, "வேர் எங்க மண்ணுல இருக்குல்லக்கா, அப்ப அது எங்க மரந்தான?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அம்மாவும் சிரித்தார். பிறகு சாக்குக்குள் கைவிட்டுக் கத்தியைத் தேடி எடுத்து, தொட்டிக்கு அடியில் விட்டு வேரை அறுத்தார். புது வீட்டுக்கு வந்த செடி பதினைந்து நாளில் எல்லா இலையையும் உதிர்த்தது. தேறுவதற்கு ஒரு வருடம் ஆனது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தொட்டிகளைத் தூக்கித் தூக்கி எரிச்சல். "கடையில ரெண்டு ரூவாய்க்குக் கிடைக்கிற கறிவேப்பிலைக்கு இந்தப் பாடா?" என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை.

அம்மா விவசாயக் குடும்பத்துப் பெண். தாத்தாவுக்குக் கண்மாய்ப் பாசனத்தில் நிலம் இருந்தது. களையெடுப்பு, நாற்று நடவு, விதை நேர்த்தி என்று எல்லா வேலையும் அம்மா செய்திருக்கிறார். 1982இல் கல்யாணம் ஆகி ஊரைவிட்டு வந்தார். மகளுக்கும் மகனைப்போலவே பரம்பரைச் சொத்தில் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவுக்கே முன்னோடியான சட்டங்களில் ஒன்று என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே திருமணமான மகள்களுக்கு அது பொருந்தாது. அம்மா ஏழு வருடம் முந்திக்கொண்டார். 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி தாத்தாவின் தனிப் பங்கில் ஒரு துண்டு அவருக்கும் வரவேண்டியிருந்தது. அதற்கும் 1998இல் மாமாக்கள் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கி, பாகப்பிரிவினையைப் பதிவும் செய்துகொண்டார்கள். அன்று அத்தைமார் அம்மாவுக்குப் பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2005இல் மத்திய அரசின் திருத்தம் வந்தபோது, 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பிரிவினைகளைத் தொடமாட்டோம் என்று அது சொல்லிவிட்டது. எந்தக் கதவு திறந்தபோதும் அம்மா ஒரு படி முன்னாலோ பின்னாலோ நின்றிருந்தார்.

தொட்டிகளின் எண்ணிக்கை கூடியது 1998க்குப் பிறகுதான். நான் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது வெகுநாள் கழித்து.

முதுகலை வரலாறு படித்தபோது கிரேக்கப் பகுதியில் 'அதோனிஸ் தோட்டம்' என்ற சொல்லை முதலில் கேட்டேன். பாடம் நடத்தியவர் அதை ஒரே வரியில் முடித்தார்: ஏதென்ஸ் பெண்கள் உடைந்த பானைகளில் விதை போட்டு, முளைத்தவுடன் வாடவிட்டுக் கடலில் எறிந்த ஒரு வேடிக்கை விழா, பயனற்ற முயற்சிக்குப் பழமொழி. வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். என் மனதில் வந்தது எங்கள் மொட்டைமாடிப் பெயின்ட் வாளிகள்.

பிறகு அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் இருந்ததைத் தேடிப் படித்தேன். அஃப்ரடைட்டியின் இளங்காதலன் அதோனிஸ் காட்டுப்பன்றி குத்தி இறந்தான். அவனுக்காகப் பெண்கள் கூடி அழும் விழா அது. கிமு 5, 4ஆம் நூற்றாண்டுகளில் ஏதென்ஸில் நடந்தது. அரசு விழா அல்ல. ஊர்ப்பணம் கிடையாது, அதற்கென்று பூசாரிப் பதவி கிடையாது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். உடைந்த பானையின் அடிப்பாகத்திலோ கழுத்துப் பகுதியிலோ மண் நிரப்பி லெட்டூஸ் கீரையும் பெருஞ்சீரகமும் விதைப்பார்கள். கோதுமை, பார்லி என்றும் பிற்காலக் குறிப்புகள் உண்டு. ஏணி வைத்துக் கூரைமேல் ஏற்றுவார்கள். இரவெல்லாம் ஆட்டம், பாட்டு, ஒப்பாரி. வாடிய நாற்றுகளைக் கடைசியில் கடலிலோ ஊற்றிலோ விடுவார்கள். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ அருங்காட்சியகத்தில் கிமு 390 வாக்கில் செய்த ஒரு சிறு குடுவை இருக்கிறது. அதில் ஏணியில் கால்வைத்த ஒரு பெண்ணிடம், தலைகீழாக நிற்கும் பாதி உடைந்த சாடியைச் சிறகுள்ள ஏரோஸ் எடுத்துக் கொடுக்கிறான். சாடிக்குள் முளைகள் தெரிகின்றன. அந்த ஓவியத்தின் படத்தை முதலில் பார்த்தபோது எனக்குத் தோன்றியது: நல்ல பானையை யாரும் இதற்குக் கொடுத்திருக்கமாட்டார்கள். கிடைத்ததில் வளர்த்திருக்கிறார்கள்.

இந்தப் பெண்களுக்கு நிலம் இருந்ததா? ஏதென்ஸ் சட்டத்தில் பெண் எப்போதும் ஓர் ஆணின் பொறுப்பில் இருப்பவள். சகோதரன் இல்லாத மகளுக்குத் தகப்பன் சொத்து வந்தால்கூட, அவளை நெருங்கிய ஆண் உறவினர் மணந்துகொள்வார். நிலம் அவள் வழியாக அவள் மகனைச் சேரும். அவள் ஒரு வாய்க்கால், அவ்வளவுதான். இதைவிட என்னை நிறுத்தியது ஒரு சின்ன விதி. ஒரு பெண் ஒரு மெடிம்னஸ் பார்லியின் மதிப்புக்கு மேல் எந்த ஒப்பந்தமும் செய்ய முடியாது. ஒரு மெடிம்னஸ் ஏறத்தாழ 52 லிட்டர் கொள்ளளவு. அதே நகரத்தில் ஆண்களுடைய குடியுரிமைத் தகுதியை சோலன் எப்படி வகுத்திருந்தார் தெரியுமா? வருடத்துக்கு 500 மெடிம்னஸ் விளைச்சல் எடுப்பவர்கள் முதல் வகுப்பு. அதே படிதான். அவனுக்கு 500, அவளுக்கு 1.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பிளேட்டோவைப் படிக்க வேண்டும். 'ஃபீட்ரஸ்' உரையாடலில் சாக்ரடீஸ் கேட்கிறார்: அறிவுள்ள விவசாயி, தான் அக்கறையாக விளைவிக்க நினைக்கும் விதையைக் கோடையில் அதோனிஸ் தோட்டத்தில் போட்டு எட்டு நாளில் அழகு பார்ப்பானா? அதை விளையாட்டுக்கு வேண்டுமானால் செய்வான். உண்மையான விதையைத் தகுந்த நிலத்தில் போட்டு எட்டு மாதம் காத்திருப்பான். நியாயமான பேச்சுப்போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் 'தகுந்த நிலம்' யாருடையது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நிலத்துக்குள் விடாமல் நிறுத்திவைத்துவிட்டு, நிலத்தில் விதைக்கத் தெரியாதவர்கள் என்று அளப்பது எட்டு மாத விவசாயிக்கு எளிது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சாக்ரடீஸ் அங்கே தொட்டிச்செடியோடு ஒப்பிடுவது எழுத்தை. எழுதிவைத்த சொல் அதோனிஸ் தோட்டம்போல வெறும் பொழுதுபோக்கு என்கிறார். அந்தப் பொழுதுபோக்கை வாழ்நாளெல்லாம் செய்தவர் பிளேட்டோ.

அந்தக் கூரைகளிலிருந்து வந்த சத்தம் ஆண்களைத் தொந்தரவு செய்திருக்கிறது. கிமு 415இல் சிசிலித் தீவின்மேல் படையெடுப்பதா என்று ஏதென்ஸ் விவாதித்த நாட்களில் அதோனிஸ் விழாவும் வந்தது. நான்கு வருடம் கழித்து அரிஸ்டோஃபனீஸ் எழுதிய 'லிசிஸ்ட்ராட்டா' நாடகத்தில் ஓர் அதிகாரி புலம்புகிறார்: சபையில் சிசிலிக்குக் கப்பல் அனுப்பத் தீர்மானம் கொண்டுவருகிறார் ஒருவர், அதே நேரம் குடித்துவிட்டுக் கூரைமேல் ஒருத்தி அதோனிஸுக்காக மாரடித்துக் கத்துகிறாள்! பெண்களின் கட்டுப்பாடின்மைக்கு அது அவர் சொல்லும் சான்று. அந்தப் படையெடுப்பு என்ன ஆனது என்பது நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிமு 413இல் கடற்படையும் தரைப்படையும் அழிந்தன. பிடிபட்டவர்களைச் சிராக்கூஸ் கற்சுரங்கங்களில் அடைத்துவைத்தார்கள். பலர் அங்கேயே செத்தார்கள். பிற்காலத்தில் புளூடார்க், அந்தப் பெண்களின் ஒப்பாரியைக் கெட்ட சகுனமாகக் குறித்துவைத்தார். கூரையில் அழுதவள்மேல் சகுனம். சபையில் கைதூக்கியவன்மேல் என்ன?

ஆய்வாளர்களும் ஒருமித்துப் பேசுவதில்லை. ஃபிரேசர் இதைப் பயிர் செழிப்பதற்கான மந்திரச் சடங்காகப் பார்த்தார். மார்செல் தெத்தியேன் 1972இல் எழுதிய நூலில், மனைவியரின் முறையான தானிய விழாவுக்கு எதிர்நிலையாக, மலட்டுத் தோட்டமாக இதை விளக்கினார். ஜான் விங்க்லர் 1990இல் அதை மறுத்தார்: சீக்கிரம் முளைத்துச் சீக்கிரம் தொய்ந்துபோவதைப் பார்த்துப் பெண்கள் சிரித்திருக்கிறார்கள், அந்தச் சிரிப்பு ஆண்களைப் பற்றியது என்றார். விங்க்லரைப் படித்தபோது நானும் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனாலும் இவர்களில் ஒருவரும் அந்தப் பானைக்குள் கைவிட்டுப் பார்த்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "முளப்பாரிதான?" என்றார்.

மதுரை, இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துப் பெண்களுக்கு இது புதிதல்ல. மாரியம்மன் கோயிலில் காப்புக்கட்டிய பிறகு, வாயகன்ற சட்டியிலோ உடைந்த பானையின் அடியிலோ வைக்கோல் பரப்பி, கரம்பை மண்ணும் தூளாக்கிய எருவும் போட்டு, ஊறவைத்த பயறுகளைத் தூவுவார்கள். வெளிச்சம் படாத வீட்டுக்குள் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். இரவில் சுற்றி நின்று கும்மி. எட்டோ ஒன்பதோ நாளில் வெளிர்மஞ்சளாக, முழங்கை உயரத்துக்கு நெடுநெடுவென்று நிற்கும். தலையில் சுமந்துபோய்க் கண்மாயிலோ ஆற்றிலோ கரைப்பார்கள். சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் திருமணத்திலேயே முளைப்பாலிகை ஏந்திய பெண்கள் வருகிறார்கள். ஏதென்ஸிலிருந்து வந்ததா, இங்கிருந்து போனதா என்ற ஆராய்ச்சியில் எனக்கு ஆர்வமில்லை. நிலத்தில் வேலை செய்து, நிலத்துக்குச் சொந்தமாகாத பெண்கள் எங்கிருந்தாலும் உடைந்த பானை ஒன்று கைக்குக் கிடைத்திருக்கும். முளைப்பாரியை நான் கொண்டாடவும் முடியாது. எங்கள் பக்கத்து ஊர்களிலேயே எந்தச் சாதிப் பெண் எந்தத் தெருவழியாகச் சுமக்கலாம் என்பதில் சண்டை வந்திருக்கிறது. கணவனை இழந்தவளின் சட்டி வரிசையில் எங்கே நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் அம்மா பேசியது வேறு விஷயம். "எட்டு நாளுக்கு அதுக்கு மண்ணே வேணாம்" என்றார். "வெதைக்குள்ள இருக்கிற பருப்பத் தின்னே வளந்துரும். அதுக்கப்பறந்தான் மண்ணு கேக்கும், வெயிலு கேக்கும். அப்பக் குடுக்காட்டி படுத்துரும்." தாவரவியல் இதைத்தான் சொல்கிறது. விதையிலையில் சேமித்த உணவு தீரும்வரை முளை தன் கையிருப்பில் வாழும். இருட்டில் வெளிச்சத்தைத் தேடித் தண்டு நீளும், பச்சையம் பிடிக்காது. ஏதென்ஸ் கூரையில் கோடை வெயிலில் ஒரு சாண் மண் ஒரே நாளில் காய்ந்துபோகும். லெட்டூஸ் குளிரை விரும்பும் கீரை, சூட்டில் நிற்காது. ஆகவே எட்டு நாள் என்பது அந்தப் பெண்களின் அறியாமை அல்ல. எந்த விதை எத்தனை நாள் தன்னால் நிற்கும், எப்போது சாயும் என்று தெரிந்து செய்த கணக்கு. வாட வேண்டிய நாளில் வாடவேண்டும் என்றுதானே விழா!

வாடாமல் வளர்ப்பது எப்படி என்பதும் அதே கைகளுக்குத் தெரிந்திருக்கும். அம்மாவின் மாடியில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: தொட்டிச்செடி பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் சாவதைவிட, தண்ணீர் தேங்கித்தான் சாகிறது. அடி ஓட்டையை அடைக்காமல் அதன்மேல் வளைந்த ஓட்டுச்சில்லைக் கவிழ்த்துவைக்க வேண்டும். மண் நிற்கும், நீர் போகும். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றும் கலக்க வேண்டும். வயல் மண்ணை மட்டும் அள்ளிப்போட்டால் தொட்டிக்குள் அது செங்கல்லாக இறுகிவிடும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். சித்திரை வெயிலில் தொட்டிகளை நெருக்கிவைத்தால் ஒன்றின் நிழல் மற்றதன் வேரைக் காக்கும். பிளாஸ்டிக் வாளி சுடும், மண்தொட்டி வியர்க்கும். நிலத்தில் வேர் தானே நீரைத் தேடிப் போய்விடும். தொட்டியில் எல்லாவற்றுக்கும் வளர்ப்பவள் பொறுப்பு. வயலைவிட இது எளிய வேலை என்று யார் சொன்னது?

'வெறும் விளையாட்டு' என்ற தீர்ப்பு கிரேக்க நூல்களுக்குள்ளேயே நிற்கவில்லை. அரிஸ்டாட்டிலின் மாணவரும் தாவரவியலின் முன்னோடியுமான தியோஃபிராஸ்டஸ், நம் மரிக்கொழுந்துக்கு நெருங்கிய உறவான ஒரு மணச்செடியைப் பற்றி எழுதுகிறார். குளிர் தாங்காத அந்தச் செடியைப் பானைகளில் பதியம் போட்டு வளர்க்கிறார்கள், கோடையில் அதோனிஸ் தோட்டங்களைச் செய்வதுபோல, என்கிறார். அவர் இகழவில்லை. வாசகருக்கு நன்கு தெரிந்த ஒரு முறையை எடுத்துக்காட்டுகிறார், அவ்வளவுதான். தத்துவஞானிக்கு உதவாத பானை, செடி வளர்ப்பவருக்கு உதவியது.

அந்தப் பானைகளைத் தோண்டி எடுத்ததும் ஒரு பெண். டாரதி பர் தாம்சன், 1900இல் பிறந்தவர், ஏதென்ஸ் அகோரா அகழாய்வில் ஆய்வாளராக நியமனம் பெற்ற முதல் பெண். 1936இல் ஹெஃபைஸ்டஸ் கோயிலைச் சுற்றித் தோண்டும்போது தூண்வரிசைக்கு இணையாகப் பாறையில் வெட்டிய குழிகள் வெளிப்பட்டன. பல குழிகளின் அடியில் சாதாரண மண்தொட்டிகள், உடைந்த நிலையில். ஒவ்வொன்றின் அடியிலும் ஓட்டை. குப்பை என்று ஒதுக்கியிருக்கலாம். அவர் ரோமானியரான கேட்டோவின் விவசாய நூலோடு அதைச் சேர்த்துப் படித்தார். ஓட்டையுள்ள பானைக்குள் மரத்தின் கிளையை நுழைத்து, மண் நிரப்பி, மரத்திலேயே தொங்கவிட்டு, வேர்பிடித்ததும் கிளையை வெட்டி, பானையை உடைத்துக் குழியில் அப்படியே இறக்கும் முறை அதில் இருக்கிறது. நாம் விண்பதியம் என்று சொல்வது. கிமு 3ஆம் நூற்றாண்டில் ஒரு பெரிய கோயிலைச் சுற்றி இப்படித் தொட்டியில் பிறந்த செடிகளால் ஒரு தோட்டம் நின்றிருக்கிறது என்று 1937இல் அவர் எழுதினார். அதை நட்ட கைகள் பெண்களுடையவை என்பதற்குச் சான்று இல்லை. அப்படிச் சொல்ல எனக்கு ஆசை உண்டு, சொல்லமாட்டேன். ஆனால் உடைந்த பானையைப் பார்த்ததும் அதில் ஒரு செடி இருந்தது என்று கண்டுபிடிக்க ஒருத்தி வேண்டியிருந்தது.

இந்தியாவில் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் சாகுபடி நிலத்தைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர்களாகப் பதிவானவர்களில் பெண்கள் ஏறத்தாழ 14 சதவீதம். வயலில் குனிந்து நிற்பவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதை எந்தக் கிராமத்துக்குப் பேருந்தில் போனாலும் சன்னல் வழியாகப் பார்க்கலாம். மாடித்தோட்டம் இன்று நகரத்துப் பெண்களின் பொழுதுபோக்காகவும் ஆரோக்கியமாகவும் பேசப்படுகிறது. நல்லதுதான், நானும் வளர்க்கிறேன். அந்தப் பேச்சில் மாடி யார் பெயரில் இருக்கிறது என்பது வருவதில்லை.

அப்பா ஊருக்கு வெளியே ஐந்து சென்ட் மனை வாங்கிப்போட்டு, கட்டாமலே போய்ச் சேர்ந்தார். உயில் எழுதவில்லை. சட்டப்படி அம்மாவுக்கும் எனக்கும் தம்பிக்கும் சமபங்கு. போன தைமாதம் தம்பி ஒரு விடுதலைப் பத்திரத்தின் நகலைக் கொண்டுவந்தான். வங்கிக் கடனுக்கு ஒரே பெயராக இருந்தால் சுலபம் என்றான். அவன் கெட்டவன் இல்லை. மாமாக்களும் கெட்டவர்கள் இல்லை.

அம்மா படித்துக்கூடப் பார்க்கவில்லை, பேனாவைத் தேடினார். நான் கையைப் பிடித்தேன்.

"விடு. அவன் வீடு கட்டுனா மொட்டமாடின்னு ஒன்னு வருமில்ல," என்றார். "தொட்டி வச்சுக்குவேன்."

நகல் இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மாடியில் இருபது லிட்டர் பெயின்ட் வாளியில் நான் விண்பதியம் போட்டு எடுத்த கொய்யா நிற்கிறது, மூன்று வருடமாக. அம்மா வரும்போதெல்லாம் வாளியைச் சாய்த்து, அடியில் எட்டிப்பார்க்கும் வேரை நறுக்கிவிட்டு, "இதுக்கு மேல இது தாங்காது, தரையில வைக்கணும்" என்கிறார். தம்பிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.